கையால் காட்ட ஏலாதது

திருகோணமலைத் துறைமுகத்தடியில் கண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். என் காது இன்னும் பழுதில்லை. பின்னால் கிளிவெட்டி ஊர்ச் சகோதரிகள் இருவர் கதைத்தார்கள். இளையவள் தாதி, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றமாகி, நாளைக்கு வேலையில் சேரப் போகிறாள். மூத்தவள் கண்டிப் பக்கம் தையல் ஆலையில் வேலை செய்து சிங்களம் பழகியவளாம்.

"அக்கா, 'உங்கட பிள்ளை செத்துப்போச்சு' எண்டு சிங்களத்தில எப்பிடிச் சொல்லுறது?"

"பயணம் வெளிக்கிடேக்க கேக்கிற கதையாடி இது? எங்க நோகுது எண்டு கேக்கப் பழகு."

"நோகிற இடத்தை நோயாளியள் கையால காட்டுவினம். இதை நான் கையால காட்ட ஏலாது."

"பெரிய நேர்ஸ்மார் சொல்லுவினம்."

"நான் தனிய நிண்டால்?"

அக்கா மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். தங்கை அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு தடவை குரல் உயர்ந்துவிட்டது.

எனக்கு முன்னால் நின்ற சிங்கள அம்மா திடுக்கிட்டுத் திரும்பி வந்து, தங்கையின் கையைப் பிடித்து, கண் கலங்க ஏதோ கேட்டாள்.

"என்னக்கா கேக்கிறா?"

"ஆரின்ர பிள்ளை, என்ன நடந்தது எண்டு கேக்கிறா."

"அப்ப அவவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அக்கா பதில் சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா பிடித்த கையை விடவில்லை.