முப்பத்தெட்டாவது மெனு

ஒரு வயர்லெஸ் செட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், ஷூ பெட்டி அளவாவது வேண்டும் என்பேன். ஒரு வேலைக்கு ஒரு குமிழ். அலைவரிசை மாற்றுகிற குமிழ் உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு சார்? நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், இதற்கு நேர் எதிர். பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிற எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தில் அவரும் உறுப்பினர். சட்டைப்பைக்குள் போகிற செட்தான் செட் என்பார். ஐந்தே பொத்தான், மற்றதெல்லாம் மெனுவுக்குள். என் செட்டைப் பார்த்து, "என்ன மச்சான், பீரோ சௌக்கியமா?" என்பார். சங்கமே சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய விரல். புத்தகம் புரட்டுகிறவரைப் போல அதை நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தோடு என் குமிழைத் திருப்புவார். அவர் போனதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். அப்புறமும் அந்த வழவழப்பு என் கையிலேயே ஒட்டியிருப்பது போல இருக்கும். அன்று எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளம், தீ என்று உதவப் போகிறவர்களுக்கு எந்த செட் கொடுப்பது என்று சங்கத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து தன் குட்டி செட்டில் எல்லோரிடமும் பேசிக் காட்டுவதாகச் சொன்னார் மாப்பிள்ளை. சனிக்கிழமை அதை என்னிடமே கொண்டு வந்தார்.

"ஒரு பட்டன் ஒட்டுது மச்சான். கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்களேன். உங்க கைவேலை மாதிரி வராது."

திறந்தேன். பொத்தான்களுக்கு நடுவில் பிஸ்கட் தூள், நக அழுக்கு, காய்ந்த எச்சில். ஆனாலும் பஞ்சால் சுத்தமாகத் துடைத்தேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை. அதன் பிறகு மெனுவில் ஒன்றை மட்டும் மாற்றினேன். செட் எங்கள் அலைவரிசையில் கேட்கும். பேசுவது வேறொன்றில் போகும். பெரிய செட்டில் இதற்கென்று ஒரு விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதில் முப்பத்தெட்டாவது மெனுவைத் திறந்தால்தான் தெரியும். அவர் மூக்கு உடைபட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். பதில் இல்லை. "பொம்மை பேசாது போல" என்று செயலாளர் சிரித்தார். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றேன் நான். அரை மணியில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் அவர் பேச்சு போகிற அலைவரிசைக்குத் திருப்பி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"நீங்க பேசறது எல்லாம் கேக்குது. நான் பேசறதுதான் வரலையா? இன்னும் கொஞ்சம் மேல ஏறிப் பாக்கறேன்" என்றார். ஏறினார். பாறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது, நெஞ்சிலும் அடி என்றார். அங்கே செல்போனுக்கு சிக்னல் எடுக்காது.

மெனுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து, திறந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். நான் குறித்துக்கொண்டேன். முதல் நாற்பது நிமிடத்தில் ஆறு. இரண்டு மணி நேரத்தில் பதினைந்து. ரத்தம் பட்டு விரல் வழுக்குகிறது, வேறு பொத்தான் அமுங்கிவிடுகிறது என்றார். சின்னப் பொத்தானின் குறையை இவ்வளவு தெளிவாக யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நடுவில் நான் வாயைத் திறந்திருந்தால் சோதனையே கெட்டுப்போயிருக்கும். மதியத்துக்கு மேல் இருமத் தொடங்கினார். அந்த ஈரச் சத்தம், எச்சிலும் சளியுமாக, நேரே என் காதுக்குள் விழுந்தது. அருவருப்பாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தேன். என் செட்டில் அதற்குத் தனிக் குமிழ் உண்டு.

மூன்று மணிக்குத் தங்கை ஓடி வந்தாள். "அண்ணே, அவர் குரல் ஏதாவது கேட்டுச்சா?"

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன். அதற்குள்ளிருந்து சன்னமாக அவர் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "அவ்வளவு சின்ன செட்டுல எங்கேருந்து கேக்கும்?"

நாலேகாலுக்குப் பேச்சு நின்றது. அப்போது இருபத்தேழாவது மெனுவில் இருந்தார். நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள் சார். பாக்கி இருந்தது பதினொன்றுதான். இன்னும் கொஞ்சம் பொறுமையாகத் தேடியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.