கண்ணாடி பீரோவுக்குப் போகாத டிவி கேம்

அத்தக் கீழ வைங்க சார் மொதல்ல. வெல சொல்லிட்டா கைல தூக்கிடலாமா? பாருங்க, தாராளமா பாருங்க. ஒரிஜினல் ஜப்பான் டிவி கேம் மிஷின்தான், அடியில எழுதிக்கீது. ஆனா விக்கிறதுக்கு இல்ல. எத்தினி தபா சொல்றது?

கம்மின்னு நான் சொல்லவே இல்லியே. ஜாஸ்திதான். இந்த திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூமுக்கு ஒரு வருஷ வாடகை வரும். அதுக்குன்னு? கிண்டி எஸ்டேட்ல கம்பெனி கேட் முன்னாடி யூனியன் கொடியோட நின்னு தொண்டை கிழியக் கத்தினவன் நானு. வெல பேச வந்தவங்கள நெறைய பாத்துக்கீறேன். உங்கள விட நல்ல சட்ட போட்டுக்கினு வந்தாங்க.

அடையாறு வூட்ல எத்தினி வெச்சிக்கிறீங்க இதுமாதிரி? பதினொண்ணா! எல்லாம் கண்ணாடி பீரோல. ஆடுவீங்களா? ஆட மாட்டீங்க, தேஞ்சிடும். அரிசிய மூட்ட கட்டி உள்ள பூட்டினா அதுக்குப் பதுக்கல்னு பேரு சார். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம். இத பூட்டினா மட்டும் கலெக்‌ஷனா?

இன்னாது, எங்களுக்கெல்லாம் இது கட்டுப்படி ஆவாதா? வாங்கற வழி தெரியாதவன் பேச்சு அது. மயிலாப்பூர்ல யாரோ வூடு காலி பண்ணாங்க. பழைய சாமான் கட இனாயத் பாய் எடைக்கு எடுத்தாந்தாரு. ஓடலன்னு மூலைல போட்டிருந்தாரு. ஓடலன்னு சொல்றதத்தான் சார் வாங்கணும். பாதிக்கு மிஷின்ல கோளாறே இருக்காது, அடாப்டர்தான் போயிருக்கும். இதுக்கும் அதான். அந்த குண்டு டிவி, குப்பவண்டி வரட்டும்னு தெருவுல கெடந்தது. நானும் வாட்ச்மேனும் தூக்கியாந்தோம். புது டிவில நாம பட்டன அமுக்கி, டிவி யோசிச்சி, அப்புறந்தான் உள்ள பொம்ம குதிக்கும். இதுல ஒடனே. கேசட் மக்கர் பண்ணா பல்லு பக்கமா ஸ்பிரிட்ல தொடச்சா போதும். வாயால ஊதாதீங்க, துரு புடிக்கும். ஒவ்வொரு கேமா வாங்கினா சொத்துதான் விக்கணும். அதனால மேன்ஷன்ல நாலு பேர் சேந்து, மெமரி கார்டு சொருகுற கேசட் ஒண்ணு வாங்கிட்டோம். எல்லாம் அதுக்குள்ளவே. யாருக்கும் தனிச் சொந்தம் இல்ல. சிரிக்காதீங்க. ஒலகத்துல ஒரு ரூம்லயாவது நடக்குதே அது.

போன்லயே ஓசில ஆடலாம், தெரியும். அதுல அவனவன் தனித்தனியா குனிஞ்சிக்கினு கெடப்பான். ஒயர் இல்லாத புது மிஷின் வாங்கித் தரீங்களா? வேணாம். இந்த ஒயரப் பாருங்க. எவ்ளோ குட்டை! ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் ஜப்பான்காரன் மிஷினோட சேத்தே வெச்சிக்கிறான், கழட்ட முடியாது. கட்டில்ல ரெண்டு பேர் தோளு இடிச்சிக்கினுதான் உக்காரணும். எனக்கு அதான் வேணும்.

ரெண்டாவது ஆளா? ஞாயித்துக்கெழம சாந்தோம்லேந்து வருவான். சுப்பராயன்னு பேரு. ரெண்டாவது ஜாய்ஸ்டிக்ல மட்டும் குட்டி மைக் ஒண்ணு கீது, பாத்தீங்களா? மைக்கு அவன் கைல, ஆனா ஒரு வார்த்த பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். கம்பெனிய மூடி எங்கள வெளிய நிறுத்தினப்போ, மொதலாளி கூப்டான்னு அந்த கேட்டைத் தாண்டி உள்ள போன மொத ஆளு அவன். கருங்காலின்னு பேர் போட்டு நோட்டீஸ் அடிச்சது நாந்தான். இன்னிக்கு அடிக்கச் சொன்னாலும் அதான் அடிப்பேன், ஒரு எழுத்து மாறாது.

அப்புறம் எதுக்கு வர்றானா? போன வருஷம் அம்மா காரியம் முடிஞ்சி, பின்னாலயே இங்க வந்துட்டான். போடான்னு சொல்லவும் வாய் வரல, வாடான்னு சொல்லவும் வரல. நாம்பாட்டுக்கு மிஷினப் போட்டேன். கட்டில்ல உக்காந்து ரெண்டாவத எடுத்துக்கினான். ஆமா சார், ஒரே அம்மாதான். என் தம்பி.

ரெண்டு பேரும் சேந்து போற கேம்தான் ஆடுவோம். ஒருத்தன் முன்னாடி ஓடினா படம் அவனோடவே நகந்துடும், பின்னாடி இருக்கறவன் செத்தான். இவன் ஓட மாட்டேங்கிறான் சார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தாண்டிட்டு, நான் வர்ற வரைக்கும் நிக்கிறான்.

மன்னிச்சிட்டேன்னு போயி எங்கயும் சொல்லி வெக்காதீங்க. எந்திரிங்க, இன்னிக்கு ஞாயித்துக்கெழம, படியில செருப்பு சத்தம் கேக்குது. நீங்க உக்காந்துக்கிறது அவன் எடம்.