அட்டையில் பதினேழாவது ஓட்டை

— பதினேழாவது கேள்வியை மட்டும் வாய்விட்டுப் படிங்க. ஒரே ஒரு தடவை.

— நானே போட்ட கேள்வித்தாள். கட்டின புருஷனுக்கே பாடம் எடுக்கறியா?

— நான் என்னத்தைக் கண்டேன், டைப் அடிக்கறவ. சும்மா படிங்களேன்.

— சரி, கேளு. கண்ணாடி போட்டவங்க எல்லாரும் டீ குடிப்பாங்க. இதுலேர்ந்து எந்த முடிவு வரும்? ஒண்ணு, டீ குடிக்கறவங்கள்ல சிலர் கண்ணாடி போட்டவங்க. ரெண்டு, டீ குடிக்கறவங்க எல்லாரும் கண்ணாடி போட்டவங்க. போதுமா?

— எது சரி?

— ஒண்ணுதான். நான் கண்ணாடி போடல, டீ குடிக்கறேனே! பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்.

— அப்ப விடை அட்டையில ஏன் ரெண்டுக்கு நேரா ஓட்டை போட்டிருக்கீங்க?

— எங்க, கொண்டா... அட, ஆமா.

— போன வாரம் ரெண்டு முடிவையும் இடம் மாத்தச் சொன்னீங்க. மாத்தி அடிச்சேன். அட்டை மட்டும் பழைய அட்டை.

— ஐயோ. விடைத்தாள் மேல அட்டையை வெச்சு, ஓட்டை வழியா தெரியற டிக்கைத்தான் எண்ணினேன். கேள்வியை யார் பார்த்தா?

— உங்க வகுப்புல படிக்கற தையல் கடைப் பொண்ணும் அவ சிநேகிதியும் ஒண்ணுன்னு எழுதினாங்க.

— வாயை மூடு... இல்ல, நீ பேசு. நான்தான் மூடணும். "பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து ஒரே தப்பைப் பண்ணியிருக்கீங்க, அப்ப காப்பிதான்"னு மொத்த வகுப்பு முன்னாடி கத்தினேன். ரெண்டு பேர் பையையும் தூக்கி வாசல்ல வெச்சேன்.

— அதுங்க ஒண்ணும் சொல்லலையா?

— தையல் கடைப் பொண்ணு கேட்டா. "ஒரே மாதிரி எழுதினா காப்பிதான்னு எப்படி சார் முடிவு வரும்?"னு. மூணு மாசமா நான் கத்துக்கொடுத்ததையே என்கிட்ட கேட்டா. "திமிரா?"ன்னேன். நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

— ஞாயித்துக்கிழமை அதுங்களுக்கு வேலைக்கான பரீட்சை. அதுக்குள்ள திரும்பக் கூப்பிடுங்க.

— எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? இரு, இரு. மத்த நாப்பது பேரும் ரெண்டுன்னு எழுதியிருக்காங்க. இவ்வளவு சுலபமான கேள்வியில ஒருத்தர் விடாமயா தப்பு பண்ணுவாங்க?

— அதை விடுங்க, முதல்ல அதுங்களைக் கூப்பிடுங்க.

— எல்லாரும் அட்டையைப் பார்த்து எழுதியிருக்காங்க! பார்க்காதவங்க அந்த ரெண்டு பேர் மட்டும்தான். சொந்த மூளையால எழுதினவங்களைத் துரத்திட்டு, மத்தவங்களுக்கு சபாஷ் போட்டிருக்கேன். தூ! நானெல்லாம் ஒரு வாத்தியார்.

— அப்படிச் சொல்லாதீங்க, எனக்குத் தாங்கல.

— சட்டையை எடு. இப்பவே தையல் கடைக்குப் போறேன். நாளைக்கு மொத்த வகுப்பு முன்னாடியும் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்கறேன். ஆனா அட்டை நம்ம பீரோவை விட்டு வெளிய போகவே இல்லையே. பூட்டிதானே வெச்சிருந்தோம்?

— நானும் வரேங்க. முதல்ல மன்னிப்பு கேட்க வேண்டியவ நான்தான். என் தம்பியும் உங்ககிட்டதானே படிக்கறான். மார்க் குறைஞ்சா அவனையும் வாசல்ல நிறுத்திடுவீங்கன்னு பயந்து, பீரோவைத் திறந்து அவனுக்கு அட்டையைக் காட்டினேன். அவன் மொத்த வகுப்புக்கும் சொல்லிட்டான்.