கரட்டம்மன் பாட்டில் இல்லாத கதவு

அவைக்குத் தலைமை தாங்கும் தர்மகர்த்தா ராமப்பன் அவர்களே, இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவராக மேடையில் அமர்ந்திருக்கும் பதினெட்டுப் பட்டிப் பெரியவர்களே, புளி மண்டியை அடைத்துவிட்டு வந்திருக்கும் ரசூல் பாய் அவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கை வெங்கடம்மாளே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் கோவிந்தனின் வணக்கம்.

புராண வித்தகர், பிரசங்கப் பெரும்புலி, என் தங்கையின் கணவர் தீர்த்தகிரியார் நாலு நாள் காய்ச்சலில் நம்மை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள். அந்தப் பெரும்புலிப் பட்டம் நான் கொடுத்தது. அவர் பேச வாயைத் திறந்தால் ஜவளகிரிக் காட்டு யானைகள் மேய்ச்சலை நிறுத்திக் காதை விரிக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னவனும் நான்தான். அவர் தும்மினால் பெங்களூரில் கண்ணாடி உடையும் என்றேன். தளியில் ஒருவர் அதையும் நம்பினார். இன்று அப்படி ஒரு பொய் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்கத்தான் வந்தேன். நாக்கு வரமாட்டேன் என்கிறது.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். பங்குனித் திருவிழாவில் கரட்டம்மன் கோயில் ஓலையைப் பத்து நாள் படிப்போம். நான் பாட்டைப் பாடுவேன், மச்சான் பொருள் சொல்வார். சொல்லி முடித்ததும் "ஆமாம் சாமி" என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆமாம் விழாமல் அடுத்த பாட்டுக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். முப்பது வருஷம் ஆமாம் போட்டவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். இந்த ஜில்லாவிலேயே என்னைவிட அதிகம் ஆமாம் போட்ட மனிதன் உண்டா?

ஏழாம் நாள் பாட்டு உங்களுக்கு மனப்பாடம். புகுந்த வீட்டை விட்டுப் பிறந்த வீட்டுக்கு ஓடிவந்த பெண்ணின் கதை. "வாசல்வரை வந்தாள், வந்தவள் திரும்பினாள், மலை வாய் திறந்தது." அவ்வளவுதான். ஏன் திரும்பினாள் என்று ஓலையில் இல்லை. அதனால் அவரவர் மனதில் இருந்ததை அதில் ஏற்றிப் படித்தோம். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக்காரர் மலை வாய் திறந்தது என்றால் ஊற்று பிறந்தது என்றார். ரசூல் பாய், "நாலு பேர் கைவிட்டா ஆண்டவன் இடம் குடுப்பான், அதானே மாமா?" என்று என்னிடம் கேட்டார். மச்சான் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று வாழ்ந்தவர். கட்டிய செருப்பு வாரைக்கூடச் சமமாக இழுத்துக் கட்டுகிறவர். அவர் சொன்ன பொருள்: வாசலை மிதிக்கும்போது தன் கடமை நினைவுக்கு வந்தது, தானாகவே திரும்பினாள், அந்தப் பொறுமைக்குத்தான் கரட்டம்மன் என்று தெய்வமானாள். மேடையிலிருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆமாம் சாமி என்றேன்.

வெள்ளைக்காரன் போன பிறகு வந்த இரண்டாவது பங்குனி. ஏழாம் நாள் பொருள் சொல்லி முடித்து, எட்டாம் நாள் காலையில் மச்சான் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறோம். சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அவர் மகள் ராஜாத்தி வாசலில் வந்து நிற்கிறாள். கையில் ஒரு துணி மூட்டை. இடது கை மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

"அப்பா, நான் அங்க போவ மாட்டன்."

மச்சான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நேத்து சாயங்காலம் ஊருக்கு ஒரு பொருள் சொல்லிட்டு, இன்னிக்கு என் ஊட்டுக்கு வேற பொருள் சொல்லட்டுமா? கெளம்பு."

"ஒரு வாய் கூழாவது குடிச்சிட்டுப் போவட்டுமே" என்றாள் என் தங்கை. ராஜாத்தி குடிக்கவில்லை.

குருபரப்பள்ளி ரோட்டில் பஸ் ஏற்றிவிட மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவன் தாய்மாமன் நான். புளியமரத்தடியில் நிற்கும்போது கேட்டாள்: "ஏன் மாமா, பாட்டுல வர்ற அந்தப் பொண்ணு வாசலுக்கு வந்தப்ப கதவு தொறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?"

நான் என்ன சொன்னேன்? "அந்தக் காலத்துல கதவு ஏதும்மா? தச்சனெல்லாம் தேர் செய்யப் போயிட்டான்" என்றேன்.

சிரித்தாள். பஸ் வந்தது.

சித்திரை முடியவில்லை, அங்கிருந்து ஆள் வந்தான். கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றான். கோடையில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லாத கிணறு.

காரியம் முடிந்த அன்று அவள் கேட்ட கேள்வியை மச்சானிடம் சொன்னேன். மறு பங்குனி, குடியரசு வந்த வருஷம், ஏழாம் நாள் அதே பாட்டைப் பாடினேன். ஓலையில் ஓர் எழுத்து மாறவில்லை. படித்தவர்தான் மாறியிருந்தார். சொன்னார்:

"கதவு சாத்தியிருந்தது. சாத்தினவன் அவளைப் பெத்தவன். மலைக்கு இருந்த இரக்கம் அவனுக்கு இல்லை. அந்த அவமானத்தை மறைக்கத்தான் கோயில் கட்டினோம்."

இந்த மேடையில் இருக்கும் சிலர் அன்று எழுந்து போனார்கள். அவர்கள் போவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமாம் சொல்லு மச்சான்" என்றார். சொன்னேன். முப்பது வருஷத்தில் பொருள் புரிந்து நான் சொன்ன முதல் ஆமாம் அது.

அதன் பிறகு அவருக்குப் பொன்னாடை இல்லை, வேறு ஊர்க் கோயில் அழைப்பும் இல்லை. ஏழு வருஷம் அதையே சொன்னார். அது அவருடைய துக்கம் சொல்லும் பொருள், புராணத்தின் பொருள் அல்ல என்றார்கள். இருக்கட்டும். முன்னால் சொன்னது மட்டும் யாருடையது? நம் வசதி சொன்ன பொருள்தானே?

இப்போது ஒன்றைச் சபையில் போட்டு உடைக்கிறேன், தர்மகர்த்தா மன்னிக்க வேண்டும். மேடை ஏறும் முன் என்னை ஓரமாக அழைத்து, "பங்குனிக்குப் பழைய பொருளே சொல்ல வெளியூர் ஆளைப் பேசியாச்சி. நீ வழக்கம் போல பாடு, ஆமாம் போடு, போதும்" என்றார். திருவிழாவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

எனக்குப் பொருள் சொல்லும் படிப்பு இல்லை. ஆனால் பாட்டு என் தொண்டையில் இருக்கிறது, ஆமாம் என் நாக்கில் இருக்கிறது. மறைந்த தீர்த்தகிரியார் பெயரால், அவர் மகள் ராஜாத்தி பெயரால், இந்தச் சபையில் சொல்கிறேன். ஏழாம் நாள் அந்த அடியைப் பாடி நிறுத்துவேன். வருகிறவர் யாராக இருந்தாலும், கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்று கேட்பேன். சாத்தியிருந்தது, சாத்தியவர்கள் நாம் என்று அவர் சொன்னால் ஆமாம் சாமி என்பேன்.

சொல்லாவிட்டால் எட்டாம் நாள் பாட்டு கிடையாது. அம்மன் அந்த வாசலிலேயே நிற்கட்டும். விடிய விடிய ஆனாலும் அவளோடு நானும் நிற்கிறேன்.