முகத்தோடு முகம்

மரத்தில் தண்ணீர் பட்டால் நார் எழும்பும். அதனால் நான் உலர்வாகத்தான் தேய்ப்பேன். ஷெஃபீல்டில் சவரக்கத்திப் பிடி செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

ஒரு பிடிக்கு இரண்டு பட்டைகள். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து இரண்டையும் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு முகத்தோடு முகம் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது.

எனாக் பன்னிரண்டு வருடம் என் எதிரே உட்கார்ந்து, அந்தப் பட்டைகளில் கத்தியைக் கோத்தவன். ஜனவரியில் ஒரு நாள், பக்கத்துப் பட்டறை ஆட்கள் இருக்கும்போது என் ஜோடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தான்.

“இங்க பாருங்கடா, நம்ம பெரிய கை வேலைய. இந்தச் சந்துல டிராமே ஓட்டலாம்.”

“டிக்கெட் எவ்வளவுப்பா?” என்றான் ஒருவன்.

அந்த ஜோடியை வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினார்கள். அடுத்தவன் வேலையில் பிழை செய்யும்வரை அது அங்கேயே தொங்கும். எங்கள் வழக்கம் அது.

மார்ச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து மஞ்சள் மரம் வந்தது. அதன் தூள் என்னை ஒன்றும் செய்யவில்லை. எனாக்குக்கு நெஞ்சடைத்தது. அந்தத் தூள் பக்கமே போகாதே என்றார் மருத்துவர். இருமுகிறவனை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்காது. வீட்டில் நான்கு பிள்ளைகள்.

“கொஞ்சம் ஈரம் தொட்டுத் தேயேன்பா. இல்ல, ஜன்னலயாவது திற.”

“நார் எழும்பும். அப்புறம் நீதான டிராம் விடுவ?” என்றேன்.

ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்றில் பட்டை வளையும். இடுக்குகளிலும் துணி அடைத்தேன். அலமாரியில் அவனுக்கு ஒத்துக்கொள்கிற கருங்காலி இருந்தது. அதை எடுக்கவில்லை. அவனுக்கு மூச்சிரைத்தபோதெல்லாம் கெட்டிலைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது வாரம் பலகைமேலேயே சாய்ந்தான். எனக்குத் தேய்க்க ஒரு பட்டையின் முகம்தான் பாக்கி. முடித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடப் போனேன்.

சாவான் என்று தெரியுமா என்கிறீர்கள். ஆறாவது வாரமே தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன். நிறுத்தியிருந்தால் அவன் சொன்னதே நிலைத்திருக்கும்.

அன்று முடித்த ஜோடிதான் உங்கள் கையில் இருப்பது. வெளிச்சம் தெரிகிறது என்கிறீர்கள். நீங்கள் பிடிப்பது சரியில்லை. அழுத்திப் பிடியுங்கள், ஐயா. இன்னும் கொஞ்சம்.