இரண்டு பேர் உட்காரும் கார்

டீயில் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு கண்ணு. என் தங்கை கேட்க மாட்டாள். கைக்கு வந்ததைப் போட்டுக் கலக்கிவிடுவாள். அப்புறம் பல் கூசுகிறது என்று என்னிடம் சொல்லாதே. இந்த வீட்டில் பல்லைப் பற்றிப் பேசி வெகுநாளாகிறது.

உன்னை ‘நீ’ என்று சொல்வதில் வருத்தம் இல்லையே? உன் கறுப்புக் கோட்டுக்கு ‘நீங்கள்’. உனக்கு ‘நீ’. இந்த வயதில் இந்தச் சலுகையாவது எனக்கு இருக்கட்டும்.

அந்தத் தட்டை இப்படி ஜன்னல் பக்கம் தள்ளு. ஆமாம், நீ கொண்டுவந்தவை டாப்பெட்டுகள்தான். எட்டும் இருக்கின்றன. ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதே, அது என் குறிதான். ஒரு புள்ளி என்றால் முதல் இடம், எட்டுப் புள்ளி என்றால் கடைசி இடம். வாசலில் நிற்கிற அந்தச் சிவப்புக் காரை வாங்கி இன்ஜினைப் பிரித்தபோது, முதல் இடத்தில் எட்டும் கடைசி இடத்தில் ஒன்றும் உட்கார்ந்திருந்தன என்கிறாய். கைத்தவறா, வேண்டுமென்றா என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. இரண்டும்தான். அவசரம் இல்லையென்றால் சொல்கிறேன்.

கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்குள் சுற்றுகிற ஒரு தண்டு. அதில் முட்டையைப் படுக்கவைத்தாற்போல மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு டாப்பெட் குந்தியிருக்கும். மேடு சுற்றி வரும்போது அது எழும்பி வால்வைத் திறக்கும். இன்ஜின் மூச்சு விடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த மேடுகள் தேய்ந்துபோகும், இல்லாவிட்டால் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். அந்தக் குழிகளை வெல்டிங் வைத்து நிரப்பி, மெஷினில் கடைந்து, சூடேற்றி இறுக்கி, பிறந்தபோது இருந்த உருவத்துக்குக் கொண்டுவருவது என் தொழில். நான் கடைந்த தண்டைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். அவ்வளவு வழவழப்பு.

புதிதாகக் கடைந்த மேடும் அதன் டாப்பெட்டும் முதல் ஓட்டத்தில் ஒன்றோடொன்று உரசிப் பழகும். பழகிய பிறகு ஜோடி மாற்றக் கூடாது. மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அரித்துவிடும். சமதரையில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் டிக், டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஏற்றம் வந்தால் இன்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும். பழக்கி முடித்த இன்ஜினை ஒரு தடவை திறந்து, டாப்பெட்டுகளை எடுத்து, மேட்டில் உரசும் முகத்தைப் பார்த்து, அவற்றைப் பழைய இடத்திலேயே வைப்பது என் வழக்கம். வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. என் கவனம் அப்படி.

எடுத்த டாப்பெட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் வரிசையாக அடுக்குவது தங்கையின் வேலை. கழுவும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். பாட்டு என்று சொல்ல முடியாது. தலையும் இருக்காது, வாலும் இருக்காது. நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும்போது, ‘‘கொஞ்சம் ரேடியோவ அணைடி’’ என்பேன். அணைப்பாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே பாடத் தொடங்கிவிடும்.

அந்த முனகலைக் கேட்டுத்தான் பல் டாக்டர் வந்து மாட்டினார்.

காரைக் கொண்டுவந்தது என்னவோ குழி விழுந்த தண்டுக்காகத்தான். என்னைவிட மூத்தவர். வந்த மூன்றாம் நாளே என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டார். யார் வழியில் எனக்கு இந்த உறவு வருகிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தண்டு மெஷினில் இருந்த நாளெல்லாம் சாயங்காலம் வந்து இதோ நீ உட்கார்ந்திருக்கும் ஸ்டூலில் உட்காருவார். தங்கை அவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

‘‘ஏன் டாக்டர பாத்தா வாய மூடிக்கிற?’’ என்று கேட்டேன்.

‘‘தொறந்தா பீஸ் கேப்பாரு’’ என்றாள்.

இப்படிப்பட்ட வீடாக இருந்தது இது.

அவர் கேட்டது என் முன்னால்தான். அதைச் சொல்ல வேண்டும், ஒளிவுமறைவில்லாத மனிதர். ‘‘அக்கா, உங்க தங்கச்சிய நான் கட்டிக்கலாமா?’’ நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்: ‘‘உங்க வண்டி லைட்ஹவுஸ் வரைக்கும் நிக்காம போயிட்டுத் திரும்பி வரட்டும். அன்னிக்குச் சரிங்கறேன். அதுவரைக்கும் பல்லப் புடுங்குங்க.’’

விளையாட்டுக்குச் சொன்னாள். அவர் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டார். லைட்ஹவுஸுக்குப் போகும் வழியைப் பார்த்தாயா? நம் தெரு முனையிலிருந்தே ஏற்றம்தான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். ‘‘ரெண்டே சீட்டுதானே இருக்கு. நான் எங்க உக்காருவேன்?’’

‘‘டிக்கில இடம் இருக்குக்கா’’ என்றார் டாக்டர்.

‘‘ஐயே, டிக்கில எதுக்கு? ஸ்டூலக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவோம்’’ என்றாள் தங்கை.

அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது நான்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள், பழக்கி முடித்த இன்ஜினைத் திறந்து டாப்பெட்டுகளின் முகம் பார்த்தேன். தட்டைத் தூக்கும்போது கை வழுக்கி, டாப்பெட்டுகள் உருண்டோடின. பொறுக்கிச் செருகிவிட்டேன். புள்ளி பார்க்கவில்லை. அது கைத்தவறு, கோர்ட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஏற்றத்தில் கார் நின்றது. டாக்டர் தள்ள, தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ‘‘இன்னும் கொஞ்சம் அழுத்துங்க டாக்டர், கடவாப்பல்லுன்னு நெனச்சுக்குங்க’’ என்று கத்தியபடி தெருவில் வந்தாள். மூன்று பேருமாகக் காரை உள்ளே தள்ளினோம். மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல ராத்திரி எங்களுக்கு வாய்த்ததே இல்லை.

அடுத்த முறை புள்ளி பார்த்துத்தான் மாற்றினேன்.

ஏன் முகத்தைச் சுளிக்கிறாய்? யோசித்துப் பார். யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டருக்குத் தினமும் சாயங்காலம் ஒரு வீடு கிடைத்தது. அவளுக்குச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்தார். தண்டை ஒவ்வொரு முறையும் புதிது போலக் கடைந்து கொடுத்தேன். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியில் ஒன்றையும் எட்டையும் இடம் மாற்றி வைப்பேன், அவ்வளவுதான். புள்ளியை அழித்துவிட்டு மாற்றியிருந்தால் அது ஏமாற்று. நான் அழிக்கவில்லை, நீயே பார்க்கிறாயே. என் வேலையில் நேர்மை உண்டு.

எண்ணெய் சரியில்லை என்று ஒரு தடவை சொன்னேன். வால்வு ஸ்பிரிங் முறுக்கு அதிகம் என்று ஒரு தடவை. அவர் எல்லாவற்றையும் நம்பினார். ‘‘உங்க கைக்கே அடங்கலன்னா அது என் தலையெழுத்துக்கா’’ என்பார். தலைமுடி நரைத்தது. அவளுக்கும் காதோரம் கொஞ்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கேள். சமையல்கட்டில் முனகுகிறாள், கேட்கிறதா? ஆச்சரியமாக இருக்கிறது. முனகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. உன்னைப் பிடித்துப்போய்விட்டது போல. நீ அடிக்கடி வர வேண்டும் கண்ணு.

எங்கே விட்டேன்? டாக்டர். ஒருநாள் பகலில் வந்தார். தங்கை கடைக்குப் போயிருந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: ‘‘கார் கெடக்கட்டும்க்கா. லைட்ஹவுஸுக்கு பஸ்ல போயிரலாம், பஸ்லயே திரும்பி வந்துரலாம். வேற ஊர்ல கிளினிக் பாத்துட்டேன். சம்மதமான்னு நீங்களே அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டா சிரிச்சே மழுப்பிடுவா.’’

பஸ்ஸில் கேம்ஷாஃப்டும் இருக்கிறது, டாப்பெட்டும் இருக்கிறது. ஆனால் என் கைக்கு எட்டாது.

நான் அவளிடம் கேட்கவில்லை. மறுநாள் கிளினிக்குக்குப் போய், அவள் சொன்னதாகச் சொன்னேன்: ‘‘சொன்ன சொல்லுன்னா சொல்லுதானாம். கார் போகலன்னா கல்யாணமும் இல்லையாம்.’’ அவர் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒரு விரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை வெளியே இழுத்து நேராக்கினார். ‘‘சரிங்கக்கா’’ என்றார். மரியாதை தெரிந்தவர்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம், ‘‘டாக்டர் ஊரைவிட்டுப் போறாராம். உன்கிட்ட ஒண்ணும் சொல்லச் சொல்லல’’ என்றேன். சொல்லச் சொல்லவில்லைதானே? கேட்கத்தான் சொன்னார். அவள் அப்போது மண்ணெண்ணெயில் கையை வைத்திருந்தாள். ஒன்றுமே கழுவாமல் ரொம்ப நேரம் கையை அதிலேயே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு முனகுவதை நிறுத்திவிட்டாள். அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வேலைக்கு வசதி என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

அவர் கடிதம் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்காதே. எழுதவில்லை. எழுதக்கூடியவரும் இல்லை.

நான் என்ன, அவளை அடித்தேனா, பூட்டி வைத்தேனா? கதவு திறந்துதான் இருக்கிறது. சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்ததைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த டாக்டர் இவ்வளவு செய்திருப்பாரா? தனியாக ஒரு ஊரில் போய் இருந்திருப்பாள், பாவம். அவளுக்குத் தனிமை ஆகாது. அவளுக்காகத்தான் எல்லாம்.

‘‘ஏண்டி, டீ என்னாச்சு?’’

பதிலே காணோம். முனகலும் நின்றுவிட்டது. பின்கட்டுக் கதவு சத்தம் மாதிரி கேட்டது. பால் வாங்கப் போயிருப்பாள்.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். நீ வரும்போது கார் சத்தத்தைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. புதுத் தண்டு, புது டாப்பெட். யாரோ தொழில் தெரிந்தவன் பூட்டியிருக்கிறான். ஆனால் ஏன் காரின் துணிக்கூரையை மூடி வைத்திருக்கிறாய்? மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் ஊர் பார்க்கத் திறந்துதான் வருவார்கள்.

என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

டாக்டரின் அண்ணன் மகளா நீ? வாங்கவில்லையா? சித்தப்பாவின் கார்தானா?

ஓ.

மூக்கு அவர் மாதிரிதான். எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். இன்ஜினைப் பிரித்துப் புள்ளிகளைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டதாக்கும். அவரே வந்து கேட்டிருக்கலாமே. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? கேள்வி கேட்க உன்னை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் துணிக்கூரைக்குள் உட்கார்ந்திருந்தாரா? நல்ல ஆள். நீயும் நல்ல வக்கீல்தான். கிழவியைப் பேச விட்டுக் காத்திருக்கத் தெரிகிறது.

வாசலில் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்கள்.

இரு, எழுந்திருக்காதே. எப்படிப் போவாய்? இரண்டே சீட்டுதானே அதில். உனக்கும் இடம் இல்லை பார். பஸ்ஸில் போய்க்கொள்கிறாயா? சரி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, உட்கார். எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துச் சொல்லு. இல்லையா? சரி.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்கும், போய் இறக்கு. மூன்று டம்ளர் எடுத்து வை. மூன்று கண்ணு, இரண்டு இல்லை.

சத்தம் கேட்கிறதா? தெரு முனை தாண்டிவிட்டார்கள். இதோ, ஏற்றம் தொடங்குகிறது. மூச்சுவிடாமல் கேள். டிக் என்று ஒரு சத்தம் வந்ததே. உனக்குக் கேட்கவில்லையா? எனக்குக் கேட்டது. டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள்.