லிட்டருக்கு ஏழு

பேச வேணாம் பால்தொமேரோ, தலையாட்டுனா போதும். வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் குடுக்குதுன்னு சீட்டுல எழுதி நீட்டுறீங்க, வாயால சொன்னா முத்தா உதிர்ந்துடும்? சரி, ரெண்டு வருஷ வைராக்கியம். உங்க பொண்ணு ரொசீயோ என் பையன் வாஷிங்டனைக் கட்டிக்கிட்டா. நாங்க ரயிலடி பந்தாட்ட கிளப், நீங்க மூணு தலைமுறையா ஆத்தங்கரை கிளப். இனி அவ முகத்துல முழிக்க மாட்டேன், என்கூடயும் பேச மாட்டேன்னு நடுத்தெருவுல கத்துனீங்க. என்ன செய்ய, ஊர்ல இருக்கிறது என் ஒர்க்‌ஷாப் ஒண்ணுதான். இந்தாங்க, குழல் போட்டிருக்கு, மாத்தே டீ குடிங்க. உறிஞ்சுனா பேசுனதா ஆகாது.

எல்லாம் பாத்துட்டேன். பிளக்கு சுத்தம். ஏர் ஃபில்டர் போன மாசம் போட்டது. டயர்ல காத்து சரியா இருக்கு. பிரேக் பிடிச்சு இழுக்குதோன்னு வண்டியத் தூக்கி வச்சுச் சுத்திப் பாத்தேன், நாலு சக்கரமும் லேசா சுத்துது. டேங்க் ஒழுகல. முறைக்காதீங்க, எவனும் பெட்ரோல் திருடவும் இல்ல.

பெட்ரோல்ல குறை இல்லங்க, கணக்குல வராத கிலோமீட்டர்தான் குறை. மீட்டருக்குப் போற கேபிள் இருக்கே, சுத்தி எல்லாம் ஒரே அழுக்கு, அதோட திருகு மட்டும் பளபளன்னு இருக்கு. யாரோ வாரா வாரம் கழட்டி மாட்டுறாங்க. கழட்டிட்டா வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. யாருன்னு கைய விரிக்கிறீங்களே, வியாழக்கிழமை வண்டிய எடுக்கிறது யாரு? ஆமா, உங்க வீட்டம்மா நேலிதாதான். தையல் வகுப்புக்குன்னு சீட்டுல எழுதுறீங்களா? தையல் வகுப்புதான், யார் இல்லேன்னா? வகுப்பு துராஸ்னோ டவுன்ல நடக்குது, உங்க மக வீட்டுல. போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. கழட்டக் கத்துக் குடுத்தது நான்தான். முதல்ல ஸ்பேனரக் கீழ வைங்க.

பேரன் பொறந்து நாலு மாசமாச்சு. உக்காருங்க, உக்காருங்க. உங்க காதுதான், அப்படியே ரெண்டு பக்கமும் விரிஞ்சு. பாவம், பேரும் உங்க பேரையே வச்சுட்டாங்க. அவனுக்கு ரெண்டு தாத்தா இருந்தும் ஒருத்தன் மூஞ்சிதான் தெரியுது, எனக்கு அது சங்கடமா இருக்கு. அதான் சொல்லிட்டேன்.

வேற ஒண்ணும் பெரிசா இல்ல. சனிக்கிழமை அவனை ரயிலடி கிளப்புல உறுப்பினரா சேக்குறோம். விண்ணப்பம் இதோ, என் பேனாவும் இதோ, யாராவது ஒரு தாத்தா கையெழுத்துப் போட்டா ஆச்சு. ஒரு தடவை அட்டை வாங்கிட்டா சாகுற வரைக்கும் அதே கிளப்புதான், உங்களுக்குத் தெரியாததா.

என்ன கேட்டீங்க? மக வீட்டுக் கதவு நம்பரா? அடேயப்பா, வாய் தொறந்துட்டீங்களே. போற வழியில சம்பந்தியம்மாவ ஏத்திக்கோங்க, அவங்களுக்கு வழி மனப்பாடம். இன்னிக்கு வியாழன்தானே, தலை சீவித் தயாரா நிப்பாங்க. விண்ணப்பத்தக் கிழிச்சா கிழிங்க, நான் வேற வாங்கிக்கிறேன். அந்தப் பேனாவ மட்டும் வச்சுட்டுப் போங்க சம்பந்தி.